ஆங்கிலத்தில் எழுதும்போது: சொல்லை விடுவதா, முழுக்க எழுதுவதா, மாற்றுச்சொல் வைப்பதா?

சில வருடங்களுக்கு முன் உடன் வேலை பார்த்தவருக்கு ஆங்கிலத்தில் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினேன். ‘ஹேவ் சென்ட் த ஃபைல் டு த ஆடிட்டர். வில் கன்ஃபர்ம் பை ஃப்ரைடே.’ வெள்ளிக்கிழமைக்குள் ஆடிட்டர் உறுதி செய்வார் என்பது நான் சொல்ல வந்தது. நான் உறுதி செய்வேன் என்பது அவர் படித்தது. வெள்ளிக்கிழமை முழுக்க அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார். ஆடிட்டர் அவருக்கு நேரே எழுதியிருப்பார் என்று நான் வேறு வேலையில் இறங்கிவிட்டேன். கெடு தாண்டிப் போனது.

தமிழில் எழுதியிருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. ‘உறுதி செய்வார்’, ‘உறுதி செய்வேன்’ இரண்டில் ஒன்றைத்தான் எழுத முடியும். எழுவாயை விட்டாலும் வினைமுற்றின் வால் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆங்கிலத்தின் ‘வில்’லுக்கு அந்த வால் கிடையாது.

வேலைக்காகத் தினமும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: “சொன்னதையே திரும்பச் சொல்லாதே என்கிறார்கள். சரி என்று சுருக்கினால் புரியவில்லை என்கிறார்கள். எந்தச் சொல்லை விடலாம், எதை விடக்கூடாது?” ஆங்கில இலக்கணத்தில் இப்படிச் சொல்லை விடுவதற்கு எலிப்சிஸ் என்று பெயர். மூன்று புள்ளி வைப்பதற்கும் அதே பெயர்தான். அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

எழுதுகிறவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. எல்லாச் சொல்லையும் முழுக்க எழுதலாம். திரும்ப வரும் பெரிய பகுதியை விட்டு, ஒரு சின்னச் சொல்லை மட்டும் கொக்கி போல நிறுத்தலாம். விட்ட இடத்தில் ‘ஒன்’, ‘ஸோ’ மாதிரி மாற்றுச்சொல் வைக்கலாம். அல்லது தலைப்புச் செய்தியைப் போலச் சின்னச் சொற்களையெல்லாம் உதிர்த்துவிடலாம். எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். விட்ட சொல்லைக் கண்ணைவிடக் காது சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

ஒரே சொல்தான் திரும்ப வருமா? வாசகர் காலியிடத்தை நிரப்பினால் ஒரே ஒரு விடைதான் கிடைக்க வேண்டும். இரண்டு விடை பொருந்தினால் அந்த இடத்தில் சொல்லை விடக்கூடாது. மற்ற அளவுகோல்கள் எல்லாம் இதற்கு அப்புறம்தான். 1631இல் லண்டனில் அச்சான ஒரு பைபிள் பதிப்பில், விபசாரம் செய்யாதே என்ற கட்டளையில் ‘நாட்’ விடுபட்டு, செய் என்று ஆகிவிட்டது. அச்சிட்டவர்களுக்கு 300 பவுண்டு அபராதம். அது அச்சுப்பிழை, எலிப்சிஸ் அல்ல. ஆனாலும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அது நன்றாகக் காட்டுகிறது: அந்த வரியை மட்டும் பார்க்கிறவருக்கு ‘நாட்’ இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல எதுவுமே இல்லை.

விட்ட சொல் எங்கே இருக்கிறது? முந்தைய வாக்கியத்தில் இருக்கலாம். வாசகரின் கண்ணெதிரே, கையில் உள்ள பொருளில் இருக்கலாம். எழுதுகிறவரின் மனதில் மட்டுமே இருந்தால் ஆபத்து. என் மின்னஞ்சலில் இருந்தது இந்த மூன்றாவது வகை.

யார் படிக்கப் போகிறார்? ஆங்கிலம் இரண்டாவது, மூன்றாவது மொழியாக உள்ளவர், கைப்பேசியில் அவசரமாகப் பார்ப்பவர், மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படிப்பவர் ஆகியோருக்குக் காலியிடத்தை நிரப்புவது கூடுதல் வேலை.

தொனி எப்படி விழும்? சொல் குறைந்தால் நெருக்கம் தெரியலாம், அலட்சியமும் தெரியலாம். கூடினால் மரியாதை தெரியலாம், எரிச்சலும் தெரியலாம்.

வெட்டி ஒட்டினால் தாங்குமா? இதை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. ஒரு வாக்கியத்தை வேறு பத்திக்கு நகர்த்தும்போதோ இடையில் புதிய வரி சேர்க்கும்போதோ, பக்கத்து வாக்கியத்தில் சாய்ந்து நின்ற வாக்கியம் விழுந்துவிடும்.

## தமிழ்க் காது எங்கே ஏமாறுகிறது

வழிகளுக்குப் போவதற்கு முன் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் தவறு செய்வது சொல்லை விடத் தெரியாததால் அல்ல. தமிழ் தாராளமாகச் சொல்லை விடும் மொழி. நாம் விடுகிற சொல் வேறு, ஆங்கிலம் விடுகிற சொல் வேறு, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் தொகைநிலைத் தொடர் படித்திருப்போம். ‘நூல் படித்தான்’ என்றால் ‘ஐ’ உருபு தொக்கி நிற்கிறது. ‘வீசுதென்றல்’ என்றால் காலம் காட்டும் உறுப்பு மறைந்து, வீசிய தென்றல், வீசுகிற தென்றல், வீசும் தென்றல் எல்லாமாக நிற்கிறது. நன்னூல் சொல்லும் ஆறு தொகைகளில் பெரும்பாலானவற்றில் மறைவது உருபு மாதிரியான சின்ன உறுப்புதான். பெயரும் வினையும் கண்முன் நிற்கும்.

ஆங்கிலம் பெரும்பாலும் நேர் எதிராகச் செய்கிறது. பெயர், வினை என்ற பெரிய சொற்களை மறைத்துச் சின்னச் சொல்லை நிறுத்துகிறது. “புத்தகத்தைப் படித்தாயா?” என்று கேட்டால் தமிழில் “படித்தேன்” என்போம். எழுவாய் போயிற்று, புத்தகம் போயிற்று, வினை நின்றது. ஆங்கிலத்தில் ‘டிட் யூ ரீட் த புக்?’ என்ற கேள்விக்கு ‘யெஸ், ஐ டிட்.’ இங்கே போனது வினையும் புத்தகமும். நின்றது எழுவாயும் துணைவினையும். நம்மில் பலர் சொல்லும் ‘யெஸ், ஐ ரெட்’ ஆங்கிலக் காதுக்குப் பாதியில் நிற்கிறது. வினையை வைத்தால் ‘ஐ ரெட் இட்’ என்று செயப்படுபொருளையும் வைத்தாக வேண்டும். ‘டிட் யூ லைக் த சாங்?’ என்றால் ‘ஐ லைக்ட்’ அல்ல. ‘ஐ லைக்ட் இட்’ அல்லது ‘ஐ டிட்.’

இன்னொன்று திசை. ‘அக்கா கதையும் தம்பி கவிதையும் படித்தார்கள்’ என்கிறோம். வினை கடைசியில் ஒரே ஒருமுறை வருகிறது. முதல் பாதியில் வரவில்லை. ஆங்கிலத்தில் ‘மீனா ரெட் எ நாவல் அண்ட் ரவி எ போயம்.’ வினை முதல் பாதியில் இருக்கிறது, இரண்டாம் பாதியில் போய்விட்டது. வினை எந்தப் பக்கம் விடுபடும் என்பதற்கும் அந்த மொழியின் சொல்வரிசைக்கும் தொடர்பு இருப்பதை அமெரிக்க மொழியியலாளர் ஜான் ராபர்ட் ராஸ் 1970இல் ஒரு கட்டுரையில் எடுத்துக் காட்டினார். ஆங்கிலம் போல வினை நடுவில் வரும் மொழியில் முதல் வினை நிற்கும். ஜப்பானியம் போல வினை கடைசியில் வரும் மொழியில் கடைசி வினை நிற்கும். தமிழும் அந்தப் பக்கம்தான். நம் மனம் வாக்கியத்தின் முடிவுக்காகக் காத்திருந்து பழகியது. ஆங்கில வாசகர் ஏற்கெனவே படித்ததைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறார். அதனால் அவருக்குத் தேவையானதை முதலில் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் விட வேண்டும்.

## வழி 1: முழுக்க எழுதுவது

தெளிவில் இதற்கு நிகர் இல்லை. வாக்கியம் யார் மேலும் சாயாமல் நிற்பதால் எங்கே தூக்கி வைத்தாலும் உடையாது. மொழிபெயர்ப்புச் செயலியும் பெரும்பாலும் தடுமாறாது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, திரும்பச் சொன்னால் வாசகர் அதில் புதிய பொருளைத் தேடுவார். ‘ரவி ரெட் எ ரிப்போர்ட் அண்ட் மீனா ரெட் எ ரிப்போர்ட்’ என்று எழுதினால் இரண்டு அறிக்கைகளோ என்று தோன்றும். ஒரே அறிக்கை என்றால் அந்த ‘முழுமை’யே குழப்பத்தைக் கொண்டுவருகிறது. இரண்டு, தொனி. ‘ஹேவ் யூ சைன்ட் த ஃபார்ம்?’ என்று கேட்டவரிடம் ‘யெஸ், ஐ ஹேவ் சைன்ட் த ஃபார்ம்’ என்றால், எத்தனை தடவை சொல்வது என்று சலித்துக்கொள்கிற மாதிரி இருக்கும். எழுதியவர் இலக்கணப்படி சரியாகத்தான் எழுதினார். படித்தவர் முகம் சுளித்தார். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தம், பாதுகாப்பு விதி, மருந்து கொடுக்கும் முறை, நடுவிலிருந்து எடுத்துப் படிக்கிற வழிகாட்டி ஆகியவற்றுக்கு இந்த வழிதான். வான்போக்குவரத்து இதை மிகக் கொடிய விதத்தில் கற்றது. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ ஜெட்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அதற்குச் சற்று முன் ஒரு விமானத்திலிருந்து வந்த செய்தி, ‘வீ ஆர் நவ் அட் டேக்காஃப்’ என்பது போல ஒலித்தது. புறப்படும் இடத்தில் நிற்கிறோம் என்றும் கொள்ளலாம், புறப்பட்டு ஓடிக்கொண்டிருக்கிறோம் என்றும் கொள்ளலாம். விபத்துக்கு மூடுபனி, வானொலி இடைஞ்சல் என்று வேறு காரணங்களும் சேர்ந்தன. ஆனால் அதற்குப் பின் வானொலிப் பேச்சில் ‘டேக்காஃப்’ என்ற சொல், புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அந்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டுமே என்று ஆயிற்று. மற்ற நேரத்தில் ‘டிபார்ச்சர்’.

## வழி 2: கொக்கியை வைத்து மற்றதை விடுவது

எனக்கு மிகப் பிடித்த வழி இது. ஆங்கிலம் பேசிப் பழகியவரின் எழுத்துக்கும் பாடமாகப் படித்தவரின் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் அதிகம் தெரியும் என்று நினைக்கிறேன்.

கொக்கி பல வடிவில் வரும். துணைவினை: ‘மீனா கேன் ஸ்விம், பட் ரவி கான்ட்.’ ‘டு’: ‘ஐ வாண்டட் டு கம், பட் ஐ ஃபர்காட் டு.’ கேள்விச்சொல்: ‘சம்ஒன் கால்ட், பட் ஐ டோன்ட் நோ ஹூ.’ இந்தக் கடைசி வகைக்கு ராஸ் 1969இல் ஸ்லூசிங் என்று பெயர் வைத்தார். எண்ணும் கொக்கியாகும்: ‘ஷீ பாட் ஃபோர் புக்ஸ், அண்ட் ஐ பாட் டூ.’ எல்லாவற்றிலும் பெரிய பகுதி போய்விட்டது. அது போன இடத்தைச் சின்னச் சொல் காட்டுகிறது.

கொக்கியை வைப்பதில் சில நுணுக்கங்கள் உண்டு.

கொக்கியை நசுக்கக்கூடாது. ‘ஆர் யூ ரெடி?’ என்றால் ‘யெஸ், ஐ ஆம்.’ இதை ‘யெஸ், ஐம்’ என்று சுருக்க முடியாது. ‘ஷீ ஈஸ் டாலர் தேன் ஐ ஆம்’ என்பதிலும் அப்படித்தான். பின்னால் காலியிடம் வரும்போது துணைவினை முழு ஓசையோடு நிற்க வேண்டும். ‘கான்ட்’, ‘டஸன்ட்’, ‘ஈஸன்ட்’ போன்ற எதிர்மறைச் சுருக்கங்கள் மட்டும் நிற்கும். அவற்றில் துணைவினை நசுங்குவதில்லை.

‘டு’வை விடுவதில் கவனம் வேண்டும். ‘வுட் யூ லைக் டு ஜாயின் அஸ்?’ என்ற கேள்விக்கு ‘ஐ வுட் லவ் டு’ என்பதுதான் பதில். நம்மில் பலர் ‘டு’ கடைசியில் தொங்குகிறதே என்று வெட்டிவிடுகிறார்கள். அங்கே தொங்குவதுதான் அதன் வேலை. ‘இஃப் யூ வாண்ட்’, ‘ஆஸ் யூ லைக்’ மாதிரி சில தொடர்களில் மட்டும் அது இல்லாமலே பழகிவிட்டது.

வடிவம் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். ‘வீ ஹேவ் அண்ட் வில் சப்போர்ட் யூ’ என்று எத்தனையோ அறிக்கைகளில் வருகிறது. ‘வில் சப்போர்ட்’ சரி. ‘ஹேவ் சப்போர்ட்’ வராது, ‘ஹேவ் சப்போர்ட்டட்’ வேண்டும். ‘வீ ஹேவ் சப்போர்ட்டட் யூ அண்ட் வில் கன்டின்யூ டு’ என்று திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். முழு வடிவம் முன்னால், கொக்கி பின்னால். அந்தத் திசை விதி இங்கேயும் வந்து உட்காருகிறது.

செலவு என்று பார்த்தால், ‘ரவி கால்ட் ஹிஸ் மதர், அண்ட் மணி டிட் டூ.’ மணி கூப்பிட்டது தன் அம்மாவையா, ரவியின் அம்மாவையா? இரண்டும் இலக்கணத்துக்குச் சம்மதம். யாருடைய என்பது முக்கியம் என்றால் முதல் வழிக்குத் திரும்புங்கள். வெட்டி ஒட்டுவதிலும் இந்த வழி பலவீனம்தான். ‘பட் ரவி கான்ட்’ என்ற வரிக்கு முன்னால் யாரோ ஒருவர் புதிய வாக்கியத்தைச் செருகினால், ரவிக்கு எது முடியாது என்பதே மாறிவிடும்.

மின்னஞ்சல், உரையாடல், கட்டுரை, கதை ஆகியவற்றில், முந்தைய வாக்கியம் ஒட்டியே இருக்கும் இடத்தில் இந்த வழி சிறக்கும்.

## வழி 3: மாற்றுச்சொல் வைப்பது

மொழியியலாளர்கள் எம்.ஏ.கே. ஹாலிடேயும் ருக்கையா ஹசனும் 1976இல் ஆங்கில உரையின் ஒட்டுறவைப் பற்றி எழுதிய நூலில் சொல்லை விடுவதையும் மாற்றுச்சொல் வைப்பதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். விடுவது என்றால் மாற்றுச்சொல்லுக்குப் பதில் வெற்றிடத்தை வைப்பது என்பது அவர்கள் பார்வை. இரண்டுக்கும் நடுவே தவிப்பவருக்கு இந்தப் பார்வை உதவும்: காலியாக விடப் பயமாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு முளை அடித்துவிடுங்கள்.

‘ஒன்’ பெயருக்குப் பதில் வரும்: ‘த ரெட் பென் ஈஸ் மைன், த ப்ளூ ஒன் ஈஸ் ஹர்ஸ்.’ தமிழில் ‘நீலம் அவளுடையது’ என்றால் போதும். ஆங்கிலத்தில் ‘த ப்ளூ ஈஸ் ஹர்ஸ்’ பெரும்பாலும் குறைபட்டு நிற்கும். ‘ஸோ’ ஒரு முழு வாக்கியத்துக்குப் பதில் வரும்: ‘ஈஸ் ஷீ கமிங்?’ என்றால் ‘ஐ திங்க் ஸோ.’ வராமல் இருந்தால் நல்லது என்றால் ‘ஐ ஹோப் நாட்.’

‘இட்’டும் ‘ஒன்’னும் ஒன்றல்ல என்பதில்தான் நாம் அதிகம் வழுக்குகிறோம். ‘ஐ லாஸ்ட் மை பென்’ என்பதற்கு அடுத்து ‘ஐ மஸ்ட் ஃபைண்ட் இட்’ என்றால் அதே பேனா. ‘ஐ மஸ்ட் பை ஒன்’ என்றால் வேறு ஒரு பேனா. தமிழில் ‘தேட வேண்டும்’, ‘வாங்க வேண்டும்’ என்று இரண்டு இடத்திலும் எதுவும் வைக்காமல் போய்விடுவோம். எந்தப் பேனா என்று பிரித்துச் சொல்லும் பழக்கமே நம் கைக்கு வந்திருக்காது.

இன்னும் சில தடைகள் உண்டு. ‘ஒன்’ எண்ண முடிகிற பொருளுக்குத்தான். மை, தகவல், அறிவுரை எல்லாவற்றுக்கும் ‘சம்’ போட வேண்டும். ‘டூ ஸோ’ செயலுக்குப் பொருந்தும், நிலைக்குப் பொருந்தாது: ‘மீனா நோஸ் த ஆன்சர், அண்ட் ரவி டஸ் ஸோ டூ’ என்றால் காதில் இடறும். அங்கே கொக்கி மட்டும் போதும், ‘ரவி டஸ் டூ.’ ‘டூ ஸோ’வுக்கு ஒரு அலுவலக விறைப்பும் உண்டு. நண்பருக்கு எழுதும் கடிதத்தில் அது வேண்டாம்.

அலுவலகக் கடிதத்துக்கும் விளக்கக் கட்டுரைக்கும் இது நல்ல நடுவழி. வாக்கியத்தின் எலும்புக்கூடு முழுசாக இருப்பதால் ஆங்கிலம் முதல் மொழியாக இல்லாத வாசகருக்கும் எளிது.

## வழி 4: சின்னச் சொற்களை உதிர்ப்பது

தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு என்று இருந்த காலத்தில் இந்த நடைக்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று செய்தித் தலைப்பு, பொருள்மேல் ஒட்டும் சீட்டு, குறிப்பேடு, குறுஞ்செய்தி ஆகியவற்றில் வாழ்கிறது. ‘ஷேக் வெல் பிஃபோர் யூஸ்’ என்று புட்டியில் எழுதியிருக்கிறது. எதைக் குலுக்குவது என்று யாரும் கேட்பதில்லை, புட்டி கையில் இருக்கிறது. அதே வரியைப் பிரித்து ஒரு மின்னஞ்சலில் போட்டால், எதை என்ற கேள்வி உடனே வரும்.

பேச்சுவழக்கிலும் வாக்கியத்தின் தலையை விடுவது உண்டு. ‘ஹோப் யூ ஆர் வெல்’ என்பதில் ‘ஐ’ இல்லை, யாரும் தவறவிட மாட்டார்கள். ஆனால் விடுவது வாக்கியத்தின் தொடக்கத்தில் மட்டும்தான். ‘வென்ட் ஹோம் பிகாஸ் வாஸ் டயர்ட்’ என்று நடுவிலும் விட்டால் ஆங்கிலம் ஏற்காது. ‘பிகாஸ் ஐ வாஸ் டயர்ட்’ வேண்டும். நாட்குறிப்பு எழுதுகிறவர்கள்கூடப் பெரும்பாலும் இந்த எல்லையைத் தாண்டுவதில்லை.

தமிழ்க் காதுக்கு மிக இயல்பாகத் தோன்றுவது இந்த நான்காவது வழிதான், சின்ன உறுப்புகளை மறைத்தே பழகியவர்கள் என்பதால். ஆபத்தும் அங்கேதான். ‘த’, ‘எ’, ‘இட்’, ‘டு’ என்று சின்னச் சொற்களைத்தானே விடுகிறோம் என்று நினைக்கிறோம். வாக்கியத்தில் யார், எதை, எந்த என்று காட்டுவதே அவைதான். முகம் தெரியாதவருக்கு இப்படி எழுதினால் கட்டளை போடுவது போலவும் விழும்.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | முழுக்க எழுதுவது | கொக்கி வைத்து விடுவது | மாற்றுச்சொல் | சின்னச் சொல்லை உதிர்ப்பது |
|---|---|---|---|---|
| ஒரே பொருள் | பெரும்பாலும் உறுதி | முந்தைய வாக்கியம் ஒட்டி இருந்தால் உறுதி | ‘இட்’, ‘ஒன்’ சரியாகப் பிரித்தால் உறுதி | சூழல் காட்டினால் மட்டும் |
| விட்ட சொல் இருக்குமிடம் | எதுவும் விடவில்லை | முந்தைய வாக்கியம் | முந்தைய வாக்கியம் | வாசகரின் கண்ணெதிரே |
| ஆங்கிலம் பழகாத வாசகர் | எளிது | கொஞ்சம் கடினம் | எளிது | கடினம் |
| தொனி | விறைப்பு, சில சமயம் சலிப்பு | இயல்பு | மரியாதை | நெருங்கியவரிடம் இயல்பு, மற்றவரிடம் அலட்சியம் |
| வெட்டி ஒட்டினால் | தாங்கும் | உடையும் | பாதி தாங்கும் | உடையும் |
| சிறந்த இடம் | ஒப்பந்தம், பாதுகாப்பு | உரையாடல், கட்டுரை, மின்னஞ்சல் | அலுவலகக் கடிதம், விளக்கம் | சீட்டு, தலைப்பு, சொந்தக் குறிப்பு |

## அட்டவணைக்குள் அடங்காத மூன்று சொற்கள்

‘தேன்’ என்று ஒப்பிடும்போது. ‘ஐ டிரஸ்ட் ரவி மோர் தேன் மீனா.’ மீனா ரவியை நம்புவதைவிட நான் அதிகம் நம்புகிறேனா? மீனாவை நம்புவதைவிட ரவியை அதிகம் நம்புகிறேனா? இந்த இடத்தில் தமிழும் கைகொடுக்காது. ‘மீனாவைவிட நான் ரவியை அதிகம் நம்புகிறேன்’ என்றாலும் அதே இரட்டைப் பொருள்தான். ஆங்கிலத்தில் ஒரு கொக்கி போதும்: ‘தேன் மீனா டஸ்’ என்றால் முதல் பொருள். இரண்டாவது வேண்டுமென்றால் ‘தேன் ஐ டிரஸ்ட் மீனா’ என்று முழுக்க எழுதிவிடுங்கள். ஒப்பீட்டில் ஆட்கள் வந்தாலே இதைச் சோதித்துப் பார்ப்பது என் வழக்கம்.

‘அண்ட்’ என்று சேர்க்கும்போது. ‘த செக்ரட்டரி அண்ட் ட்ரெஷரர்’ என்றால் இரண்டு பதவியும் ஒருவரே என்று படிக்க இடமுண்டு. ‘த செக்ரட்டரி அண்ட் த ட்ரெஷரர்’ என்றால் இருவர். யார் கையெழுத்திட வேண்டும் என்ற விதியில் அந்த ஒரு ‘த’ எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். அதேபோல ‘இன்ட்ரஸ்டட் அண்ட் வரீட் அபௌட்’ என்று எழுதாதீர்கள். ‘இன்ட்ரஸ்டட்’டுக்கு ‘இன்’தான் சேரும், ‘அபௌட்’ சேராது. ‘இன்ட்ரஸ்டட் இன் அண்ட் வரீட் அபௌட்’ என்று இரண்டையும் வைக்க வேண்டும்.

‘தட்’ என்ற இணைப்பு. நம்முடைய ‘என்று’வுக்கு ஈடானது. ‘ஹி செட் ஆன் மண்டே ஹி வுட் ரிசைன்.’ திங்கட்கிழமை சொன்னாரா, திங்கட்கிழமை விலகுவதாகச் சொன்னாரா? ‘ஹி செட் ஆன் மண்டே தட் ஹி வுட் ரிசைன்’ என்றால் சொன்ன நாள். ‘ஹி செட் தட் ஆன் மண்டே ஹி வுட் ரிசைன்’ என்றால் விலகும் நாள். ‘தட்’டை எங்கே வைக்கிறோமோ அங்கே வேலி விழுகிறது. ‘ஐ திங்க் ஷீ ஈஸ் ரைட்’ மாதிரி குட்டி வாக்கியத்தில் விடலாம், தப்பில்லை. ஆனால் தமிழில் ‘என்று’வை நாம் அநேகமாக விடுவதே இல்லை. ஆங்கிலத்திலும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோங்கள்.

இணைக்கும் சொற்களை விடுவதால் வாசகர் எவ்வளவு தூரம் வழி தவறுவார் என்பதற்கு மொழி உளவியல் ஆய்வாளர் டாமஸ் பீவர் 1970இல் கொடுத்த எடுத்துக்காட்டு மொழியியலில் மிகப் பிரபலம்: ‘த ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் த பார்ன் ஃபெல்.’ குதிரை ஓடியது என்று நம்பிப் படித்துக்கொண்டே போகிறவர் கடைசி ‘ஃபெல்’லில் முட்டி நிற்பார். களஞ்சியத்தைத் தாண்டி ஓட்டிச் செல்லப்பட்ட குதிரை விழுந்தது என்பதுதான் பொருள். ‘ஹார்ஸ்’ஸுக்குப் பின்னால் ‘தட் வாஸ்’ என்று இரண்டு சின்னச் சொற்கள் இருந்திருந்தால் யாரும் முட்டியிருக்க மாட்டார்கள்.

பெயரை விவரிக்கும் ‘ஹூ’, ‘தட்’ பற்றி ஒரே வரி: ‘த மேன் ஐ மெட்’ சரி, ‘த மேன் கேம் யெஸ்டர்டே ஈஸ் மை அங்கிள்’ தவறு. அந்த ஆளே வினையைச் செய்தால் ‘ஹூ’ அல்லது ‘தட்’ கட்டாயம்.

## நான் என்ன செய்கிறேன்

ஒப்பந்தம், பாதுகாப்பு போன்ற இடங்களை ஒதுக்கிவிட்டால், முதல் வரைவில் மூன்றாவது வழியிலேயே எழுதுகிறேன். அப்புறம் வாய்விட்டுப் படிக்கும்போது எங்கே பெரிய சொல் இரண்டாம் முறை வந்து இடிக்கிறதோ அங்கே கொக்கியை நிறுத்தி மற்றதை எடுக்கிறேன். சின்னச் சொல்லில் கை வைப்பதற்கு முன், படிக்கிறவருக்கு அது எங்கிருந்து திரும்பக் கிடைக்கும் என்று விரலை வைத்துக் காட்ட முடிகிறதா என்று பார்க்கிறேன். காட்ட முடியாவிட்டால் அந்தச் சொல் அங்கேயே இருக்கும். நான்காவது வழியை என் சொந்தக் குறிப்பேட்டுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

அந்தப் பழைய மின்னஞ்சலை இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘ஐ ஹேவ் சென்ட் த ஃபைல் டு த ஆடிட்டர். ஷீ வில் கன்ஃபர்ம் பை ஃப்ரைடே. இஃப் ஷீ டஸன்ட், ஐ வில்.’ முதல் வாக்கியம் முழுசு. இரண்டாவதில் ‘ஷீ’ என்ற ஒரே சொல் ஆளைக் காட்டுகிறது. மூன்றாவதில் ‘கன்ஃபர்ம்’ இரண்டு இடத்திலும் இல்லை. ‘டஸன்ட்’டும் ‘வில்’லும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.